மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா: பொதுப் பட்டமும் சிறப்புப் பட்டமும்

ஹட்டனில் இருந்தோ பதுளையில் இருந்தோ பேராதனைக் கலைப் பீடத்துக்குத் தெரிவாகி வரும் மாணவருக்கு முதல் ஆண்டிலேயே ஒரு கேள்வி வந்து நிற்கிறது. மூன்று ஆண்டில் முடியும் பொதுப் பட்டமா, நான்கு ஆண்டு எடுக்கும் சிறப்புப் பட்டமா? சம்பளத்தை எதிர்பார்த்து வீட்டில் ஆட்கள் இருந்தால் பொதுப் பட்டம்தான் என்று பலர் வந்த அன்றே தீர்மானித்துவிடுகிறார்கள். சிறப்புப் பட்டம் வேண்டும் என்று நினைப்பவர்களில் சிலருக்கோ, முதலாம் ஆண்டில் நேரசூசிக்குப் பொருந்துகிறது என்று எடுத்த மூன்று பாடங்களே அந்த வழியை அடைத்துவிடுகின்றன. எங்கள் கருத்து இதுதான்: எந்தப் பட்டத்தை விரும்பினாலும், இரண்டுக்கும் போகக்கூடியதாக முதலாம் ஆண்டைத் திட்டமிடுங்கள். அதற்குக் கல்விசார் ஆலோசகரை முதல் இரண்டு வாரத்துக்குள் சந்திக்க வேண்டும்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். ஆண்டுக்கு 30, அரையாண்டுக்கு 15 என்பது வழமையான சுமை. ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் செலவிட வேண்டிய மொத்த நேரம் 50 மணித்தியாலம். விரிவுரை, நூலகம், ஒப்படை, பரீட்சைக்கான படிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். 15 வார அரையாண்டில் 15 கிரெடிட் எடுத்தால் வாரத்துக்கு 50 மணித்தியாலம். 18 எடுத்தால் 60. வேகமாக முடித்துவிடலாம் என்று கூடுதல் பாடம் எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. கூடுதலாக எடுத்தாலும் பட்டம் பெரும்பாலும் முன்கூட்டிக் கிடைப்பதில்லை, பெறுபேறு மட்டும் இறங்கும்.

பொதுப் பட்டத்தில் இரண்டு அல்லது மூன்று பாடங்களை இறுதிவரை ஏறக்குறையச் சமமாகப் படிப்பீர்கள். சிறப்புப் பட்டத்தில் முதலாம் ஆண்டு முடிவில், சில பீடங்களில் இரண்டாம் ஆண்டு முடிவில், ஒரு துறைக்குத் தெரிவாகி, இறுதி ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எழுதுவீர்கள். விண்ணப்பித்தவுடன் இடம் கிடைத்துவிடாது. அந்தப் பாடத்தில் குறைந்தபட்சத் தரம், மொத்த ஜிபிஏ (தரப்புள்ளிகளின் சராசரி), துறை எடுக்கும் ஆட்தொகை என மூன்று தடைகள் இருக்கும். ஆட்தொகை பீடக் கைந்நூலில் இல்லாமல் போகலாம், துறைத் தலைவரிடமோ ஆலோசகரிடமோ கேட்டே அறிய வேண்டும்.

ஜிபிஏ கணக்கில்தான் இரண்டு பட்டங்களின் வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. பெரும்பாலான பீடங்களில் முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00 வேண்டும். இரண்டு ஆண்டு முடிவில், அதாவது 60 கிரெடிட்டில், உங்கள் ஜிபிஏ 3.10 என்று வைத்துக்கொள்வோம். பொதுப் பட்டத்தில் மேற்பிரிவை எட்ட மிச்சமுள்ள 30 கிரெடிட்டில் சராசரி 3.70 எடுக்க வேண்டும், அதாவது எல்லாப் பாடத்திலும் ஏறத்தாழ ஏ மைனஸ். சிறப்புப் பட்டத்தில் மிச்சம் 60 கிரெடிட் இருப்பதால் 3.50 போதும். உயர்தரத்தை முழுக்கத் தமிழில் எழுதி, ஆங்கில வாசிப்புக்குப் பழக ஓராண்டு எடுத்துக்கொண்ட மாணவருக்கு இந்த இடைவெளி பெரிய விஷயம். ஆரம்பம் மெதுவாக இருந்தவருக்கு நான்காம் ஆண்டு மீள ஒரு வாய்ப்பைக் கொடுக்கிறது. முதல் வகுப்போ இரண்டு வழியிலும் அவருக்குக் கைகூடாது: பொதுப் பட்டத்தில் 4.90, சிறப்புப் பட்டத்தில் 4.30 தேவைப்படும், உச்சமோ 4.00தான். முதலாம் ஆண்டுப் புள்ளிகள் வகுப்புக் கணக்கில் சேருமா என்பது பீடத்துக்குப் பீடம் மாறும். ஆலோசகரிடம் இதை முதலில் கேளுங்கள்.

சித்தியடையாத ஒரு பாடம் என்ன செய்யும் என்றும் பார்க்கலாம். 30 கிரெடிட்டில் 27க்கு பி தரம் (3.00), 3 கிரெடிட் பாடம் ஒன்றில் ஈ (0). ஜிபிஏ 3.00 இலிருந்து 2.70க்கு விழுகிறது. மீளத் தோற்றிச் சித்தியடைந்தாலும் பொதுவாக ஆகக் கூடிய தரம் சி (2.00) என்பதால் 2.90 வரைதான் ஏறும். கீழ்ப்பிரிவின் வாசலில் நின்றவர் வெளியே போகிறார். ஆகவே பலவீனமான பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் கொடுக்கும் காலத்துக்குள் விடுவதே நல்லது, "ரிப்பீட் பண்ணலாம்" என்று வைத்திருப்பது நட்டம். பரீட்சை நாளில் காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தின் ஊடாகக் கொடுங்கள். ஏற்கப்பட்டால் அடுத்த தடவை முதல் தோற்றமாகவே கணிக்கப்படும், சி என்ற கட்டுப்பாடு வராது.

தொழிலுக்கு வருவோம். ஆசிரியர் நியமனமே நோக்கம் என்றால் பொதுப் பட்டத்தைத் தாழ்வாக நினைக்க ஒரு காரணமும் இல்லை. பட்டதாரி ஆசிரியர் வெற்றிடங்கள் பாடவாரியாகக் கோரப்படுகின்றன. தமிழ், புவியியல், பொருளியல் என்று மூன்றைப் படித்தவர் மூன்று வெற்றிடங்களைப் பார்த்து விண்ணப்பிக்கக்கூடும், ஒரு துறையில் சிறப்புப் பட்டம் பெற்றவருக்கு அந்தப் பரப்பு குறுகிவிடும். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கும் பட்டம் இருந்தால் போதும், சிறப்புப் பட்டம் கட்டாயமில்லை. ஒரு வருடம் முன்பே சம்பளம் தொடங்குவது தோட்டத்துக் குடும்பத்துக்குச் சாதாரண விஷயமல்ல. அதைக் காரணமாகச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், ஆலோசகரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழக விரிவுரையாளராவது கனவு என்றால் நிலைமை வேறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 721ஆம் இலக்கச் சுற்றறிக்கை தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு அடிப்படையாகக் கேட்பது முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுடனான சிறப்புப் பட்டத்தை. பொதுப் பட்டதாரி அங்கே போய்ச் சேர முதுகலை வழியாக நீண்ட சுற்றுப் பாதை போக வேண்டும். மலையகத்தைப் பற்றிய ஆய்வை மலையகத்தில் பிறந்தவர்களே கூடுதலாகச் செய்ய வேண்டும் என்பது எங்கள் உறுதியான விருப்பம். லயன் குடியிருப்பு, பாடசாலை இடைவிலகல், 2014இல் கொஸ்லந்த மீரியபெத்தையைப் புதைத்த மண்சரிவு போன்ற அனர்த்தங்கள் எல்லாம் ஊருக்குப் போய் வந்தே களத் தரவு திரட்டக்கூடிய தலைப்புகள். திறமையும் நாட்டமும் உள்ளவர் பணத்துக்காக மட்டும் நான்காம் ஆண்டை விடுவதற்கு முன், மகாபொல புலமைப்பரிசிலோ உதவிப்பணமோ அந்த ஆண்டுக்கும் தொடருமா, விடுதி கிடைக்குமா என்று நலன்புரிப் பிரிவில் உறுதிப்படுத்திக்கொள்ளட்டும்.

மொழிமூலம் பலரைப் பிந்தித்தான் தாக்குகிறது. முதலாம் ஆண்டில் தமிழில் நடக்கும் ஒரு பாடம் மூன்றாம் ஆண்டில் தமிழில் நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழில் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவரே இருந்து, அவர் கல்வி விடுமுறையில் வெளிநாடு போனால் அந்தப் பாட அலகு அந்த ஆண்டு நடக்காமல் போகலாம். பொதுப் பட்டத்தில் இதைச் சமாளிக்க இடமுண்டு, பாரத்தை மற்ற இரண்டு பாடங்களுக்கு நகர்த்தலாம். சிறப்புப் பட்டத்தில் அந்த இடம் கிடையாது, ஆய்வு மேற்பார்வையாளருக்கும் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். தமிழ்த் துறையில் இந்தச் சிக்கல் இல்லை. மற்றத் துறைகளுக்குப் போகிறவர்கள் "கடைசி ஆண்டுவரை தமிழில் எழுத முடியுமா, மேற்பார்வைக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டே போக வேண்டும். ஆங்கிலத்துக்கு மாறுவது என்றால் முதலாம் ஆண்டிலேயே ஒரு அலகை ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

வேலை செய்துகொண்டே படிக்க வேண்டியவருக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கண்டி பொல்கொல்லையில் பிராந்திய நிலையம், ஹட்டனில் கற்கை நிலையம். கட்டணம் உண்டு, வேகத்தை நீங்களே தீர்மானிக்கலாம். முழுநேரமாகப் படிக்க இடம் கிடைத்தவர் அதை விட்டு இதற்குப் போகத் தேவையில்லை.

அண்ணாமாரும் அக்காமாரும் தரும் திட்டம் ஓரளவு உதவும். எந்த விரிவுரை கடினம், எந்த ஒப்படைக்கு எவ்வளவு நேரம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒழுங்குவிதிகள் பிரிவுக்குப் பிரிவு, அதாவது ஒவ்வோர் ஆண்டும் சேரும் மாணவர் அணிக்கு அணி, மாறும், அவர்களுடைய கைந்நூல் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆலோசகரிடம் போய் "சேர், இதில ஒரு கையெழுத்து" என்று படிவத்தை நீட்டினால் கையெழுத்து மட்டும்தான் கிடைக்கும். உங்கள் பிரிவின் கைந்நூல், இதுவரையான பெறுபேறு, நேரசூசி, இரண்டு வரைவுத் திட்டங்கள் ஆகியவற்றோடு போங்கள். ஒரு வரைவு பொதுப் பட்டத்துக்கு, மற்றது சிறப்புப் பட்டத்துக்கு. ஒவ்வொரு அலகுக்கும் முன்தேவை எது, ஆண்டுதோறும் நடக்குமா, எத்தனை பேர் சேர்ந்தால் நடக்கும் என்று கேளுங்கள். வரவு 80 சதவீதம் கேட்கும் பீடத்தில் 3 கிரெடிட் பாடத்தின் 45 மணித்தியாலத்தில் 9 மணித்தியாலம்தான் தவறலாம். மூன்று மணி நேர வெள்ளி விரிவுரை என்றால் மூன்றே நாள். வார இறுதியில் மஸ்கெலியா வரை போய் வருகிறவர் அந்த அலகை எடுக்க முன் யோசிக்கட்டும்.

ஜிபிஏயில் சேராத ஆங்கிலம், கணினி போன்ற கட்டாய அலகுகளைத் தனியாக எழுதிவையுங்கள். 90 கிரெடிட்டும் முடித்துவிட்டு, இவற்றில் ஒன்று சித்தியில்லாமல் பட்டம் தாமதமாவது நடக்கிற விஷயம். இன்னும் ஒரு கேள்வி: சிறப்புப் பட்டத்தில் தொடர முடியாமல் போனால் மூன்றாம் ஆண்டு முடிவில் 90 கிரெடிட்டோடு பொதுப் பட்டம் பெற்று வெளியேற உங்கள் பீடம் இடம் தருகிறதா, அதற்கு எந்த அலகுகள் கைவசம் இருக்க வேண்டும்? பதிலை மின்னஞ்சலில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.