ஆபரேஷன் டேபிள்ல ஹெட்போன்: முதுகு ஊசியும் பாட்டும், ஒரு பேஷண்டோட ரிவ்யூ

கணுக்கால் உடைஞ்சு பிளேட் வச்சு ஆபரேஷன் ஆகி இன்னையோட ஆறு வாரம். எழுதணும் எழுதணும்னு இருந்து இப்பதான் உக்காந்திருக்கேன். எலும்பு டாக்டரைப் பத்தின ரிவ்யூ இல்ல இது. நான் போன ஆஸ்பத்திரியில மயக்க மருந்து டிபார்ட்மென்ட் ஒரு வேலை பண்றாங்க, ஆபரேஷன் நடக்கறப்ப பேஷண்டுக்குப் பாட்டு கேக்க ஹெட்போன் மாட்டி விடறாங்க, அதுக்கு முன்னாடி நாளே வந்து என்ன மருந்து, எங்க போடுவோம், எப்படி இருக்கும்னு உக்காந்து சொல்லிட்டுப் போறாங்க. இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் நான் ஒரே சர்வீஸா பாக்கறேன். குறையும் சொல்லப் போறதால ஆஸ்பத்திரி பேரைப் போடல.

முந்தின நாள் சாயங்காலம் மயக்க டாக்டர் வந்தாங்க, ஒரு மேடம். ரெண்டு கேள்வி, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் இருக்கும்னு நினைச்சேன், ஆனா அவங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. வாயை முழுசா தொறங்க, ஆடற பல்லு ஏதாவது இருக்கா, கழுத்தை மேல தூக்குங்க, குறட்டை விடுவீங்களா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா, வீட்டுல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கானு வரிசையா கேட்டாங்க. கால் ஆபரேஷனுக்குப் பல்லை எதுக்குப் பாக்கணும்னு நான் கேட்டே கேட்டேன். அவசரம்னா தொண்டை வழியா மூச்சுக்குழாய் போட வேண்டி வரும், அப்ப ஆடற பல்லு கழண்டு உள்ள போயிடக் கூடாதுன்னாங்க. பட்டினி எதுக்குங்கறதையும் அன்னைக்குத்தான் ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டேன். மயக்கத்துல தொண்டையோட பாதுகாப்பு போயிடும், வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள இறங்கினா பெரிய ஆபத்து, அதனாலதான் லேசான சாப்பாடா இருந்தாலும் 6 மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும், வெறும் தண்ணி மாதிரி தெளிவா இருக்கறதுன்னா 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் பரவாயில்ல.

அம்மாதான் அந்தப் பெரிய கேள்வியைக் கேட்டாங்க. "ஏன் டாக்டர், முதுகுல ஊசி போட்டா காலத்துக்கும் முதுகு வலி நிக்காதாமே?" மேடம் பொறுமையா, "ஊசி போட்ட இடம் ரெண்டு மூணு நாள் வலிக்கலாம்மா, ஆயுசுக்கும் வர்ற முதுகு வலிக்கு இந்த ஊசிதான் காரணம்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல"ன்னு சொல்லிட்டு, ஒரு பேப்பர்ல முதுகெலும்பை வரைஞ்சு காட்டினாங்க. தண்டுவடம் முதுகு முழுக்க ஓடறதில்லையாம், பெரியவங்களுக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேல, முதுகெலும்போட இடுப்புப் பகுதியில முதல் ரெண்டு எலும்பு கிட்டயே முடிஞ்சிடுது, அதுக்குக் கீழ வெறும் நரம்புக் கத்தைங்கதான் அங்க இருக்கற தண்ணி மாதிரி திரவத்துக்குள்ள மிதந்துக்கிட்டு இருக்கும், ஊசி அந்தத் தண்ணிக்குத்தான் போகுது. நானும் அதுவரைக்கும் தண்டுவடத்துலயே குத்துவாங்கன்னுதான் நினைச்சு பயந்துட்டிருந்தேன். அந்த ஒரு படத்துலயே என் பயத்துல பாதி போச்சு.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். நம்ம ஊர்ப் பேச்சுல எல்லாத்துக்கும் "மயக்க ஊசி"ன்னு ஒரே பேர், அதனாலயே குழப்பம். எனக்குப் போட்டதுல மயக்கமே கிடையாது, மரத்துப் போறது மட்டும்தான். பியூபிவகெய்ன்னு ஒரு மருந்து, நரம்புல சோடியம் உள்ள போற வாசலை அடைச்சிடும், வாசல் அடைபட்டா வலிங்கற சேதி மேல ஏறவே ஏறாது. மூளை முழிச்சுத்தான் இருக்கும். முழு மயக்கம்னா அது வேற கதை, ப்ரோபோஃபால்னு பால் மாதிரி வெள்ளையா இருக்கற மருந்தை ரத்தத்துல ஏத்தி, அப்புறம் காத்துல கலந்த மருந்து, தேவைப்பட்டா தசையைத் தளர்த்த இன்னொண்ணு, மூச்சுக்கு மெஷின். அது ஆபரேஷன் முடியற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும், டாக்டரும் ஊசி போட்டுட்டுப் போறவர் இல்ல, கடைசி வரைக்கும் தலைமாட்டுலயே நிக்கறவர். இது எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல, எனக்குத் தெரியாது.

நான் கேட்டதுக்குக் கொஞ்சம் வரலாறும் சொன்னாங்க. 1846 அக்டோபர் 16, பாஸ்டன்ல மார்ட்டன்னு ஒரு பல் டாக்டர் ஈதரை மூச்சுல குடுத்து எல்லார் முன்னாடியும் வலியில்லாம ஆபரேஷன் நடக்க வச்சது, அதுக்கு முன்னாடி வரைக்கும் பெரும்பாலும் ஆளுங்க அமுக்கிப் பிடிச்சுக்கத்தான் அறுத்திருக்காங்க. முதுகு ஊசி 1898-ல ஜெர்மனியில ஆகஸ்ட் பியர் போட ஆரம்பிச்சது, அப்ப கொக்கெய்ன்தான் மருந்து, அவரும் அவரோட அசிஸ்டென்ட்டும் ஒருத்தருக்கொருத்தர் போட்டுப் பாத்து ரெண்டு பேருமே தலைவலியில அவதிப்பட்டிருக்காங்க. அந்தத் தலைவலி இன்னைக்கும் சிலருக்கு வரும், ஊசி போட்ட ஓட்டை வழியா முதுகுக்குள்ள இருக்கற அந்தத் தண்ணி கசியறதால, ஆனா இப்ப ஊசி ரொம்ப மெல்லிசா வந்துட்டதால அபூர்வம்னாங்க. எனக்கு வரல.

இப்ப பாட்டு விஷயம். போறப்ப, "நாளைக்கு என்ன பாட்டு வேணும்னு யோசிச்சு வைங்க, உங்க போன்ல இருக்கறதே போதும்"னு சொன்னாங்க. எனக்கு முதல்ல அது ஏதோ ஆறுதலுக்குச் சொல்ற மாதிரிதான் பட்டுச்சு. ராத்திரி தூக்கம் வராம படிச்சுப் பாத்தேன், இது புதுசே இல்ல, 1914-லயே ஈவன் ஓ'நீல் கேன்னு ஒரு அமெரிக்க சர்ஜன் ஆபரேஷன் ரூம்ல கிராமஃபோன் வச்சு, அமெரிக்க மருத்துவ சங்கத்தோட ஜர்னல்லயே அதைப் பத்தி எழுதியிருக்கார். 2015-ல லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல ஒரு பெரிய அலசல் வந்திருக்கு, 73 ஆய்வு, கிட்டத்தட்ட 7000 பேஷண்டுங்க. பாட்டு கேட்டவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் வலி, பதட்டம், வலி மருந்தோட தேவை எல்லாமே குறைஞ்சிருக்கு, முழு மயக்கத்துல இருந்தப்ப போட்ட பாட்டுக்கும் கூட கொஞ்சம் பலன் இருந்திருக்கு. ஆனா ஆஸ்பத்திரியில தங்கற நாள் குறையல, அதையும் நேர்மையா எழுதியிருக்காங்க. மயக்கத்துல காது எப்படிங்க கேக்கும்னு தோணும், காதுல இருந்து மூளைத்தண்டு வரைக்கும் சிக்னல் அப்பவும் போய்க்கிட்டுத்தான் இருக்கும், சில ஆபரேஷன்ல கேட்கற நரம்பு நல்லா இருக்கானு அதை வச்சே பாத்துக்கிட்டிருப்பாங்க. 2020-ல ஜெர்மனியில 385 பேருக்கு முழு மயக்கத்துல மெல்லிசான இசையோட ஆறுதல் வார்த்தையும் போட்டுப் பாத்திருக்காங்க, அவங்களுக்கும் வலியும் வலி மருந்தும் குறைஞ்சிருக்கு. இதைப் படிச்சப்புறம்தான் நான் சீரியஸா லிஸ்ட் போட ஆரம்பிச்சேன்.

காலையில தியேட்டர். குளிர்னா அப்படி ஒரு குளிர். உக்கார வச்சு, தலகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு முதுகை வில்லு மாதிரி வளைக்கச் சொன்னாங்க, உடைஞ்ச காலோட அது கஷ்டம்தான், ஒரு சிஸ்டர் முன்னாடி நின்னு தோளைத் தாங்கிக்கிட்டாங்க. முதல்ல தோலை மரக்க வைக்கற சின்ன ஊசி சுருக்குனு குத்துச்சு, அப்புறம் போட்டது ஒரு அழுத்தம் மாதிரிதான் தெரிஞ்சுது. ஒரு நிமிஷத்துல ரெண்டு உள்ளங்காலும் வெதுவெதுன்னு ஆச்சு, வெந்நீர்ல கால் வச்ச மாதிரி, அப்புறம் கால் என்னுதே இல்லாத மாதிரி கனத்துப் போச்சு. ஸ்பிரிட் பஞ்சை வச்சு ஜில்லுனு இருக்கானு தொடை, இடுப்பு, வயிறுனு ஏறிக்கிட்டே கேட்டாங்க. தொடறது தெரியுது, ஜில்லுனு இல்ல. இதையும் முந்தின நாளே சொல்லியிருந்தாங்க, தொடறதும் இழுக்கறதும் கொஞ்சம் தெரியும், வலிதான் தெரியாது, தெரியுதேன்னு பயந்துடாதீங்கன்னு. சொல்லாம இருந்திருந்தா நான் நிச்சயம் மருந்து வேலை செய்யலன்னு கத்தியிருப்பேன்.

அப்புறம் ஹெட்போன். பெரிய வட்டக் காது, மேல பேப்பர் கவர், சுத்தமா இருந்துச்சு. சத்தம் குறைவா வச்சு, ஒரு காதை மட்டும் லேசா விலக்கி விட்டாங்க, "நான் பேசறது உங்களுக்குக் கேக்கணும்"னு. வெளிச்சத்தம் மொத்தத்தையும் அடைக்கற ஹெட்போன் இவங்க வேணும்னே வாங்கலையாம். அது சரிதான்னு எனக்கும் தோணுது, 2019-ல பென்சில்வேனியா யூனிவர்சிட்டியில நரம்பை மரக்க வைக்கற ஊசிக்கு முன்னாடி 157 பேருல பாதிப் பேருக்குப் பதட்டத்தைக் குறைக்கற மிடாசோலம் மருந்து, பாதிப் பேருக்கு இசைன்னு குடுத்துப் பாத்தப்ப பதட்டம் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் குறைஞ்சுது, ஆனா சத்தத்தை அடைக்கற ஹெட்போனால பேஷண்டும் டாக்டரும் பேசிக்கறது சிரமமாச்சு, பேஷண்டுங்களுக்குத் திருப்தியும் மருந்துலதான் அதிகம். அவங்க குடுத்த இசை ஆராய்ச்சிக்காரங்க தேர்ந்தெடுத்தது, பேஷண்ட் கேட்டது இல்ல. அதுவும் ஒரு காரணமா இருக்கும்ங்கறது என்னோட கணிப்பு.

ரூமுக்கே ஸ்பீக்கர்ல போட்டா என்னன்னு கேட்டதுக்கு மேடம் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. விரல்ல மாட்டற ஆக்சிஜன் மானிட்டர் இருக்குல்ல, அது பீப் பீப்னு அடிக்கறது வெறும் நாடித்துடிப்பு மட்டும் இல்ல, ஆக்சிஜன் இறங்க இறங்க அந்த பீப்போட சுருதியும் இறங்கும், திரையைப் பாக்காமலே காதால தெரிஞ்சுக்கலாம். "எனக்கு அதுதான் பாட்டு, உங்க பாட்டு அதை மறைக்கக் கூடாது"ன்னாங்க.

டிரில் சத்தம் வந்தப்பதான் ஹெட்போனோட அருமை தெரிஞ்சுது. வலி துளியும் இல்ல, ஆனா நம்ம எலும்புல துளை போடற சத்தம் காதுல விழறது தனி பயம், உடம்பு முழுக்க அதிர்வு வேற. நான் லிஸ்ட்ல முதல்ல வச்சிருந்தது பிடிச்ச பாட்டுங்க, வரியோட. அது சரிப்பட்டு வரல, ஒவ்வொரு வரியும் ஒரு ஞாபகத்தைக் கிளப்பி கண்ணு கலங்கிடுச்சு. சிஸ்டர் கிட்ட சொல்லி புல்லாங்குழலுக்கு மாத்தினேன், மெதுவானது, நிமிஷத்துக்கு அறுபது எழுபது தாளத்துக்குள்ள இருக்கும். அதோட சேர்ந்து என் மூச்சும் தானா நிதானமாச்சு, டிரில் எங்கயோ பக்கத்து வீட்டுல ஓடற மாதிரி தூரமா போச்சு. ரத்தம் வராம இருக்கத் தொடையில இறுக்கிக் கட்டின பட்டை கடைசி அரை மணி நேரம் கனமா ஒரு கடுப்பு குடுத்துச்சு, அதைப் பாட்டு ஒண்ணும் பண்ணல, சொன்னேன், மருந்து ஏத்தினாங்க, சரியாச்சு. பாட்டு மருந்துக்குப் பதில் கிடையாது, மருந்தோட கூட நிக்கற துணை. இதை யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது.

சரி, குறைங்க. தியேட்டருக்குள்ள நெட் சரியா எடுக்கல, இதை முன்னாடியே யாரும் சொல்லல, என் லிஸ்ட்ல பாதி ஓடல. ஓடின ஆப்ல நடுவுல விளம்பரம் வேற, புல்லாங்குழல் நின்னு திடீர்னு ஒரு குரல் கத்துச்சு, ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கறவளுக்கு அது எப்படித் தூக்கிவாரிப் போடும்னு யோசிச்சுப் பாருங்க, மானிட்டர்ல நாடி ஏறினதை நானே கேட்டேன். "போன்ல டவுன்லோடு பண்ணி, ஏரோப்ளேன் மோடுல போட்டுக் கொண்டு வாங்க"ன்னு ஒரு வரி முந்தின நாள் சொன்னா போதும்.

பெரிய குறை ரிகவரி ரூம். தியேட்டர்ல இருந்து வெளிய வந்த உடனே ஹெட்போனைக் கழட்டி வாங்கிட்டாங்க, அடுத்த பேஷண்டுக்கு வேணுமாம். அங்கதான் எனக்கு நடுக்கம் ஆரம்பிச்சுது, முதுகு ஊசிக்கு அப்புறம் அது நிறைய பேருக்கு வர்றதுதான், போர்வையும் சூடான காத்தும் குடுத்தாங்க. ஆனா பக்கத்துல ஒருத்தர் முனகறார், மெஷினுங்க கத்துது, கால் இன்னும் அசையல, கட்டைவிரல் எப்ப அசையும்னு அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன், கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். அந்த லான்செட் அலசல்ல ஆபரேஷனுக்கு முன்னாடி, நடுவுல, அப்புறம்னு எப்ப கேட்டாலும் பலன் இருந்ததாத்தான் இருக்கு. அப்புறம்ங்கற அந்த நேரத்துல ஒரு பத்து நிமிஷம் குடுத்திருந்தாலும் போதும்.

எல்லாருக்கும் இது ஒத்து வரும்னும் சொல்ல மாட்டேன். என் வார்டுல இருந்த ஒரு பெரியவர் பாட்டே வேணாம்னுட்டார், அவருக்கு என்ன நடக்குதுன்னு காதால கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் தைரியமாம், அவர்கிட்ட மேடம் பேசிக்கிட்டே இருந்தாங்களாம். அவரைக் கட்டாயப்படுத்தாம விட்டதும் இந்த சர்வீஸ்ல எனக்குப் பிடிச்ச விஷயம். உங்க ஆஸ்பத்திரியில இப்படி ஒண்ணு இல்லைனாலும் முந்தின நாள் வர்ற மயக்க டாக்டர்கிட்ட வாயைத் தொறந்து கேளுங்க, என் ஹெட்போனைக் கொண்டு வரலாமானு. தலை, காது, கழுத்து ஆபரேஷன்னா முடியாம போகலாம், மத்ததுக்குப் பெரும்பாலும் மாட்டேன்னு சொல்ல அவங்களுக்குக் காரணம் இருக்காது. கேட்கறப்பவே அந்த முதுகெலும்புப் படத்தையும் வரைஞ்சு காட்டச் சொல்லுங்க.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஃபீட்பேக் ஃபார்ம்ல இதையெல்லாம் எழுதிக் குடுத்தேன், இடம் பத்தாம பின்பக்கமும் எழுதினேன். மேடத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு. சர்வீஸுக்கு நாலு, அந்த ஒண்ணு ரிகவரி ரூமுக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன்.