இங்கினியாகலை நடைபயணம்: காட்டைவிடக் குளக்கரைதான் ஆளை வாட்டும்

அம்பாறையிலிருந்து சுமார் 20 கிலோமீற்றரில் இங்கினியாகலை. பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளமும், 1954 இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்காவும் இங்கேதான். வழிகாட்டியோடு போகும் ஒருநாள் நடைகளைப் பல பருவங்களில் நடந்து பார்த்ததில் ஒன்று உறுதி: காட்டை நினைத்துப் பயந்து வருகிறவர்கள் குளக்கரைப் பாறையில்தான் களைத்து விழுகிறார்கள்.

காட்டுக்குள் பாலை, வீரை மரங்கள் நிழல் தரும். கரையில் ஒதுங்க ஒரு மரமில்லை. வெயிலோடு பாறைச் சூடும் தண்ணீரின் கூச்சமும் சேர்ந்து அடிக்கும். பல வழிகாட்டிகள் முதலில் காடு, பிறகு கரை என்று கூட்டிப்போவார்கள். மாற்றிக் கேளுங்கள். காலை 6 மணிக்குக் கரை, 9 மணிக்குள் காடு. கோடையில் யானைகள் பெரும்பாலும் பின்னேரம்தான் கரைப் புல்லுக்கு இறங்கும் என்பதாலும் இதுவே நல்லது.

ஆடி, ஆவணியில் நீர் வற்றும்போது கரைச்சேறு மேலே வெடித்துக் காய்ந்து கிடக்கும், அடியில் முழங்கால் வரை களி. தடியால் குத்திப் பார்த்த பிறகே கால் வையுங்கள். பாறையில் நீர்மட்டத்தை ஒட்டிய கறுப்புப் பட்டை காய்ந்த பாசி. காய்ந்திருக்கும்வரை பிடிக்கும், நனைந்த சப்பாத்தோடு மிதித்தால் வழுக்கும். வெளிறிய, சொரசொரப்பான இடமாகப் பார்த்து ஏறுங்கள். தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம், முதலை உண்டு.

சப்பாத்து விஷயத்தில் விலை உதவாது. கடினமான அடியுள்ள மலையேற்றச் சப்பாத்து வழவழப்பான பாறையில் பிடிக்காது. மென்மையான றப்பர் அடியுள்ள சாதாரண கன்வஸ் நன்றாகப் பிடிக்கிறது. விலைகூடிய சிலவற்றின் நடு அடி பொலியூரித்தேன் என்ற நுரைப்பொருள். ஈரப்பதனில் சில வருடம் பெட்டியிலேயே கிடந்தால் அது உள்ளுக்குள் உளுத்து, நடக்கும்போது பிஸ்கட் மாதிரி உதிரும். புறப்படுமுன் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். தூளாக வந்தால் எறிந்துவிடுங்கள்.

நல்ல வழிகாட்டியைக் காற்றில் அறியலாம். ஒரு பிடி புழுதியை எடுத்து விட்டுப் பார்த்துத்தான் திசை முடிவு செய்வார். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் கிழக்கு நோக்கி நடந்தால் நம் வாடை முன்னாலுள்ள யானைக்குப் போய்விடும். அப்படிப் பார்க்காமல் நேராக நடப்பவரோடு போகாதீர்கள். ஒரு வழிகாட்டிக்கு 6 பேருக்கு மேல் வேண்டாம். பின்னால் வருகிறவருக்குச் சைகை தெரியாது. பூங்கா எல்லைக்குள் எங்கே இறங்கி நடக்கலாம் என்பதை வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் முதலே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர், கூடவே ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) ஒரு பக்கற். வாழைப்பழம் கொண்டுபோக வேண்டாம். குரங்கும் யானையும் வாசத்துக்கு வரும். முழுக்கைச் சட்டை தேவை, சூரை முள் கொக்கிபோல் வளைந்தது. மாட்டினால் இழுக்காமல் ஓரடி பின்னால் போனால் தானாகக் கழன்றுவிடும்.

எங்களுக்கு அதிகம் தொல்லை தந்தது உண்ணி. வெளிர்நிறக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகினால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கடித்திருந்தால் எண்ணெய் பூசவோ நெருப்பு வைக்கவோ கூடாது. சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேரே மேலே இழுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி, காதின் பின்புறம் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். அடுத்த நாட்களில் காய்ச்சல் வந்தால், காட்டில் உண்ணி கடித்தது என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.