முடி கொட்டுவதற்குக் காரணம் தேடி: கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் வரை

சீப்பில் கற்றை கற்றையாக வந்த முடியைப் பார்த்து, துபாயில் நான் பார்த்த மருத்துவர் 'டென்ஷன்தான்' என்று சொல்லி ஒரு சத்து மாத்திரையோடு அனுப்பிவிட்டார். விடுமுறையில் கீழக்கரைக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் உப்புத் தண்ணீரைக் குற்றம் சாட்டினார்கள். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர்த் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி இடையில் ஒடியச் செய்யலாம். வேரோடு கொட்ட வைப்பது வேறு சங்கதி. மருந்துக்கடையிலோ எதையும் விசாரிக்காமலே பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையையும் விலை கூடிய ஓர் எண்ணெயையும் எடுத்து வைத்தார்கள்.

இராமநாதபுரத்தில் மாலை நேரத்தில் மட்டும் பார்க்கும் தோல் மருத்துவர் ஒருவரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். கூட்டம் அதிகம், நாற்காலிகள் குறைவு. ஆனால் உள்ளே போன பிறகு அவர் அவசரப்படவில்லை. ஐம்பது அறுபது முடிகளை விரல்களுக்கிடையில் சேர்த்துப் பிடித்து, வேர்ப்பக்கத்திலிருந்து நுனி வரை மெதுவாக இழுத்தார். கையோடு வந்தவற்றை வெள்ளைத் தாளில் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் இருந்த சிறு வெண்ணிறக் குமிழைக் காட்டினார். முடி ஒடியவில்லை, வளர்வதை நிறுத்தி ஓய்வுநிலைக்குப் போய் உதிர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளமாம். வகிடு அகன்றிருக்கிறதா, வட்டமாகச் சொட்டை விழுந்திருக்கிறதா என்றும் பார்த்து, இரண்டும் இல்லை என்றார்.

அதன் பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "இப்ப என்ன கவலைன்னு கேக்கலம்மா, ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட், பெரிய மன அதிர்ச்சி ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் முடி உடனே கொட்டுவதில்லை; ஓய்வுநிலைக்குத் தள்ளப்பட்ட முடி சுமார் மூன்று மாதம் கழித்தே உதிர்வதால், காரணத்தை நாம் மறந்த பிறகுதான் விளைவு தலையில் தெரிகிறது. எனக்கு அந்தச் சமயத்தில் டெங்குவும் வந்திருந்தது, அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக உறக்கமில்லாமல் அலைந்ததும் இருந்தது.

இருந்தாலும் அதோடு அவர் நிறுத்தவில்லை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்து, பயோட்டின் தைராய்டு முடிவையே மாற்றிக் காட்டக்கூடும் என்பதால் அதை இரண்டு நாள் நிறுத்திவிட்டு இரத்தம் கொடுக்கச் சொன்னார். பரிசோதனைக் கூடத்தில் 'முழு உடல் பேக்கேஜ்' எடுக்கும்படி வற்புறுத்தியது எரிச்சலாக இருந்தது. சீட்டில் உள்ளது மட்டும் போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று மாலையே வாட்ஸ்அப்பில் முடிவு வந்துவிட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். தைராய்டும் ஹீமோகுளோபினும் சரியாக இருக்க, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் மிகக் குறைவாக இருந்தது. மனஅழுத்தம் என்ற பதிலோடு நின்றிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

இரும்புச்சத்து மாத்திரை, சாப்பாட்டை ஒட்டித் தேநீர் வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை, சிகிச்சை அவ்வளவுதான். குறுகிய விடுப்பில் ஊருக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இரத்தம் கொடுத்துவிட்டால், விமானம் ஏறுவதற்குள் முடிவோடு மருத்துவரை இன்னொரு முறை பார்த்துவிடலாம்.