வயோமிங் பண்ணை வேலிகள்: எது மான்களை வாழவிடும்?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வலசை போகும் பிராங்ஹார்ன் மான் காற்றாய்ப் பறக்கும். ஆனால் வேலி எதிர்ப்பட்டால் பெரும்பாலும் தாண்டாது. அடிக்கம்பிக்குக் கீழே புகுந்துதான் கடக்கும். கம்பி தாழ்ந்திருந்தால் முதுகு கிழிகிறது, குளிர்காக்கும் ரோமம் கொத்துக் கொத்தாக முள்ளில் தங்கிவிடுகிறது. 1983இல் ராலின்ஸ் நகருக்கு அருகே ரெட் ரிம் பகுதியில் எழுந்த சுமார் 28 மைல் வேலி, இந்த மான்களைக் குளிர்கால மேய்ச்சல் நிலத்திலிருந்தே மறித்தது. வழக்கில் அந்த வேலியைப் போட்ட பண்ணையாளருக்கு எதிராக வந்த தீர்ப்பு 1988இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது.

வழக்கில்லாமல் தீர்க்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன.

என் முதல் தேர்வு, திருத்திய நான்கு கம்பி வேலி. அடிக்கம்பி முள்ளில்லாதது, தரையிலிருந்து 18 அங்குல உயரம். மேல்கம்பி 40 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மேலிரண்டு கம்பிகளுக்கு இடையே 12 அங்குலம் இருந்தே ஆக வேண்டும். நெருங்கியிருந்தால், தாவும் மியூல் மானின் பின்னங்கால்கள் அவற்றுக்கிடையே முறுக்கிக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கியே அது சாகும். மாட்டுக் கன்றுகள் கீழே நழுவிவிடுமே என்ற பண்ணையாளர்களின் கவலை நியாயமானதுதான். ஆனால் தாய் உள்ளே நிற்கும்வரை கன்று பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது, மாடுகள் இல்லாத மாதங்களில் தரையில் படுக்க வைக்கும் வேலி. விலங்குகளுக்கு இதைவிட நல்லது வேலியே இல்லாத நிலம்தான். பனி அழுத்திக் கம்பி அறுவதும் குறையும். ஆண்டுக்கு இருமுறை ஆள் வைத்து இறக்கி ஏற்ற வேண்டும். பெரிய பண்ணைக்கு அது சுமை.

மூன்றாவது, கம்பியே இல்லாத வேலி. மாட்டின் கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ். எல்லையை நெருங்கினால் ஒலி, மீறினால் சிறு மின்னதிர்ச்சி. பண்ணைக்குள் நிலத்தைக் கூறுபோடும் வேலிகளைப் பிடுங்கி எறிய இது அருமையான வழி. நெடுஞ்சாலை ஓரத்தில் இதை மட்டும் நம்பக் கூடாது: பேட்டரி தீர்ந்த ஒரு மாடு சாலைக்கு வந்தால் போதும், உயிர்ச்சேதம்தான்.

ஆகவே எல்லையில் திருத்திய கம்பி, உள்ளே கழுத்துப்பட்டை என்பதே என் கணக்கு. செம்மறி வளர்ப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு வலைவேலி தேவை, பிராங்ஹார்னுக்கு அதுவே பெருஞ்சுவர். ஆடுகள் இல்லாத வலசைக் காலத்திலாவது அவர்கள் வாயிற்கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும்.