மலிவு சென்சார், பழைய ட்ரெய்னர்: மூன்று வருட அனுபவம்

போன வாரம் என் சைக்கிளின் வேக சென்சாரில் பேட்டரி மூடி உடைந்துவிட்டது. மூடியில் இருக்கும் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருப்பினேன். பிளாஸ்டிக் கொக்கி கையோடு வந்துவிட்டது. உள்ளே சிஆர்2032 பேட்டரியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. திருவான்மியூரில் கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. மூன்று வருடம் உழைத்த பொருள் என்பதால் கோபப்படவும் மனம் வரவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

அன்று மாலையே எங்கள் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, ஸ்மார்ட் ட்ரெய்னர் விலை நல்லா இறங்கியிருக்கு. வாங்கிடவா? இல்ல உங்களை மாதிரி சென்சார் மட்டும் வச்சு ஓட்டலாமா?" ட்ரெய்னர் என்பது சைக்கிளை மாட்டி வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சாதனம். ஸ்மார்ட் என்றால் மிதிக்கும் சக்தியைத் தானே அளக்கும் வகை. பதில் சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவரிடம் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது, பின்சக்கரத்தை உருளையில் அழுத்தி ஓட்டும், உள்ளே திரவத்தால் தடை தரும் ஃப்ளூயிட் ட்ரெய்னர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின் ஹப்பில் வேக சென்சார், பெடல் கிராங்கில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்று அளக்கும் கேடன்ஸ் சென்சார், நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை, லேப்டாப்பில் இவற்றின் கம்பியில்லா சிக்னலை வாங்கும் ஆன்ட் பிளஸ் டாங்கிள். ட்ரெய்னரைத் தவிர மற்றதெல்லாம் எட்டாயிரத்துக்குள் முடிந்தது. வாங்கியதற்குக் காரணம் பிஆர்எம், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். அப்போது 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்திருந்தேன். அடுத்தது 300, இருபது மணி நேரம். ஞாயிறு மட்டும் ஈசிஆரில் ஓட்டினால் அதற்குக் கால் தயாராகாது. வார நாட்களில் காலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் ஒரு மணி நேரம் மிதித்தால்தான் உண்டு.

முதல் இரண்டு மாதம் சிக்னல் படுத்தியது. நாலு நிமிடத்துக்கு ஒரு முறை வேகம் பூஜ்யம் ஆகும், திரும்ப வரும். சென்சார்தான் கெட்டது என்று நினைத்து பேட்டரியை மூன்று முறை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் குற்றம் டாங்கிளைச் செருகிய இடத்தில். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் ஓடும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இதைப் பற்றி இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆன்ட் பிளஸ், புளூடூத் இரண்டும் பேசுவது அதே அலைவரிசையில்தான். ரிச்சி தெருவில் ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளைச் சங்கிலிப் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து டேப் போட்டு ஒட்டினேன். அன்றோடு சரி. இந்த மொத்த ஏற்பாட்டிலும் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது அந்த வயர்தான்.

புளூடூத்தில் இன்னொரு தொல்லை உண்டு. மலிவு சென்சார்கள் பலவும் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டும்தான் பேசும். பக்கத்து அறையில் சார்ஜில் கிடக்கும் போன் அதைப் பிடித்துக்கொண்டால் லேப்டாப்புக்குக் கிடைக்காது. ஆன்ட் பிளஸ் அப்படியில்லை. வானொலி மாதிரி, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வாங்கும்போது இரண்டும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், ஒரே சென்சாரில் வேகம், கேடன்ஸ் இரண்டும் என்று அட்டையில் போட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றுதான் அளக்கும். பேட்டரியைக் கழற்றிப் போட்டால் முறை மாறும், விளக்கின் நிறமும் மாறும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு வாங்க வேண்டும்.

இனி, மூன்று வருடமாக என்னை உறுத்தும் விஷயம்.

இந்த ஏற்பாட்டில், மிதிக்கும் சக்தி என்று திரையில் தெரியும் வாட் எண்ணை யாரும் அளக்கவில்லை. சென்சார் அளப்பது சக்கரச் சுற்றுகளை மட்டும். சுற்றளவை நாம் கொடுக்கிறோம். 700x25 டயருக்கு 2105 மில்லிமீட்டர். இந்த மாடல் ட்ரெய்னரில் இந்த வேகத்தில் உருளையைச் சுற்ற இத்தனை வாட் வேண்டும் என்று ஒரு வளைகோட்டை மென்பொருள் வைத்திருக்கிறது. வேகத்தை வைத்து அதிலிருந்து வாட்டை எடுத்துக் காட்டுகிறது. விர்ச்சுவல் பவர் என்பது இவ்வளவுதான். டயரில் காற்று எவ்வளவு, உருளையை எத்தனை திருகு இறுக்கியிருக்கிறீர்கள், உள்ளே இருக்கும் திரவம் சூடாகிவிட்டதா, இது எதுவும் அதற்குத் தெரியாது.

இரண்டாம் வருடம், 300-க்கு முந்தைய ஆறு வாரம், என் இருபது நிமிடச் சராசரி 172-இலிருந்து 195 வாட்டுக்கு ஏறியது. வாரா வாரம் மூன்று, நான்கு என்று ஏறியதால் சந்தேகமே வரவில்லை. அந்தக் கணக்கை நம்பி, இருபது நிமிட எண்ணில் 95 சதவீதம் எடுத்து எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தி) என்று எழுதி, அதற்கேற்ற வேகத்தில் 300-ஐ ஆரம்பித்தேன். 220-ஆவது கிலோமீட்டரில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. ஒரு டீக்கடை பெஞ்சில் நாற்பது நிமிடம் படுத்திருந்தேன். முடித்தேன், ஆனால் பத்தொன்பது மணி நேரம் ஐம்பது நிமிடத்தில். மூடிய கடைகளைத் தாண்டித் தாண்டி, கடைசி ஐம்பது கிலோமீட்டர் முழுக்க, எங்கே தப்பு செய்தேன் என்பதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ட்ரெய்னரைக் குனிந்து பார்த்ததும் புரிந்தது. உருளையை இறுக்கும் குமிழ் அதிர்விலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கிறது. பிடி தளர்ந்தால் சக்கரம் லேசாகச் சுழலும், அழுத்தி மிதித்தால் வழுக்கும். வேகம் கூடும். வேகம் கூடினால் வாட் கூடும். ஃப்ளூயிட் ட்ரெய்னரில் வேகம் சற்று ஏறினாலே வாட் நிறைய ஏறும், வளைகோடு அவ்வளவு செங்குத்து. ஏறியது என் கால் இல்லை. அந்த ஆறு வாரத்துப் பதிவுகளை இன்னும் அழிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அதன் பிறகு ஒரு நாளும் இந்த வேலையைத் தவறவிட்டதில்லை. ஏறும் முன் டயரில் 100 பிஎஸ்ஐ, பம்பின் முள்ளைப் பார்த்து. உருளை டயரைத் தொட்டதும் அங்கிருந்து சரியாக இரண்டு முழுத் திருகு. குமிழிலும் சட்டத்திலும் வெள்ளை பெயின்டில் கோடு போட்டிருக்கிறேன், இரண்டு கோடும் நேராக நிற்க வேண்டும். பத்து நிமிடம் சூடேற்றல். பிறகு வேகத்தை மணிக்கு 32 கிலோமீட்டருக்குக் கொண்டுபோய் மிதிப்பதை நிறுத்தி, சக்கரம் நிற்கும்வரை எண்ணுவேன். என் ட்ரெய்னரில் அது பதினோரு விநாடி. பன்னிரண்டு ஆனால் அரைக்கால் திருகு இறுக்குவேன், பத்து ஆனால் தளர்த்துவேன். இதைச் செய்தால் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் தாராளமாக ஒப்பிடலாம். திரையில் தெரியும் 180 வாட் உண்மையில் 165 ஆக இருக்கலாம், 190 ஆகவும் இருக்கலாம். எதுவானாலும் தினமும் ஒரே அளவு தப்பாக இருக்கும். பயிற்சிக்கு அது போதும். போதும் என்று மனதாரச் சொல்கிறேன், ஆனால் அதற்காகத் தினமும் கால் மணி நேரம் கொடுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. மே மாதம் ஒரு காலை, நாற்பதாவது நிமிடத்தில் கரன்ட் போனது. ஃபேன் நின்றது, வைஃபை நின்றது. ட்ரெய்னர் நிற்கவில்லை, அதற்குத்தான் பிளக்கே கிடையாதே. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, சென்சார்கள் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. நான் பயன்படுத்தும் கோல்டன் சீட்டா இன்டர்நெட்டைத் தேடும் மென்பொருள் இல்லை, எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கும். சரி, ஓட்டித்தான் பார்ப்போமே என்று அதே வேகத்தில் தொடர்ந்தேன். 141-இல் இருந்த இதயத்துடிப்பு பத்து நிமிடத்தில் 158. வேகம் அதே, கேடன்ஸ் அதே 88. ஃபேன் காற்று நின்றது மட்டும்தான் வித்தியாசம். உடம்பைக் குளிரவைக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. படித்துத் தெரிந்திருந்தாலும், வேகக் கோடும் இதயத்துடிப்புக் கோடும் திரையில் பிரிந்து போவதைக் கண்ணால் பார்த்தது வேறு. அன்றைக்கே இரண்டாவது ஃபேன் வாங்கினேன். நம் ஊரில் வீட்டுக்குள் மிதிப்பவர்கள் சென்சார் வாங்கும் முன் ஃபேன் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதயத்துடிப்புப் பட்டையைப் பற்றிப் புகழ மட்டும்தான் இருக்கிறது. கட்டும் முன் உள்பக்கத்து இரண்டு தடங்களையும் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். காய்ந்தபடி கட்டினால் வியர்க்கும்வரை 180, 60, 175 என்று பிதற்றும். ஓட்டி முடித்ததும் பட்டையிலிருந்து பட்டனைக் கழற்றி, பட்டையை அலசிக் காயப்போட வேண்டும். மாட்டியே வைத்தால் பேட்டரியும் தீரும், பட்டனும் களிம்பேறும்.

மென்பொருள் விஷயம் சுருக்கமாக. திரையில் கற்பனைச் சாலையில் மற்றவர்களோடு ஓட்டவைக்கும் ஸ்விஃப்ட் அழகு, கூட்டம் இருக்கிறது, வேக சென்சாரை மட்டும் வைத்தும் ஓட்ட விடுகிறது. 2024-இல் மாதச் சந்தா 14.99 டாலரிலிருந்து 19.99 டாலர் ஆனபோது நிறுத்திவிட்டேன். மாதா மாதம் அந்தத் தொகையைக் கட்டினால் ஐந்தே மாதத்தில் என் சென்சார்களின் மொத்த விலை வந்துவிடும். அதே மாதிரியான மைவூஷ் இலவசம், உலக மின்விளையாட்டு சைக்கிள் சாம்பியன்ஷிப்பே 2024-இல் அதில்தான் நடந்தது. ஆனால் அது ஸ்மார்ட் ட்ரெய்னரோ பவர் மீட்டரோ இருப்பவர்களுக்குத்தான் சரிப்படும். எனக்குக் கோல்டன் சீட்டா போதும். இலவசம், திறந்த மூலம். சாதனம் சேர்க்கும்போதே எந்த ட்ரெய்னர் என்று கேட்டு விர்ச்சுவல் பவரைத் தானே கணக்குப் போடும். மலையும் இல்லை, பக்கத்தில் ஓட்ட ஆளும் இல்லை, ஓடும் கோடுகள் மட்டும். காலை ஐந்து மணிக்கு எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. முகப்பைப் பார்த்து முதல் நாள் பயப்படாதீர்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

தம்பிக்குச் சொன்ன பதில்: ஸ்மார்ட் ட்ரெய்னரே வாங்குங்கள். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வகை. டயரும் இல்லை, உருளையும் இல்லை, குமிழும் இல்லை. அவர் திகைத்துப்போனார். "இவ்ளோ நேரம் நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?" நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு இந்த வருடம் முதல் 300. இரண்டு சின்னக் குழந்தைகள். காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அந்த ஒரு மணி நேரமும் அவர் மிதிக்க வேண்டும், குனிந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 220-ஆவது கிலோமீட்டரில் அவர் பெஞ்சில் படுக்க வேண்டாம்.

போனை வைத்ததும் நான் அதே வேக சென்சாரை இன்னொன்று ஆர்டர் செய்தேன். நேற்று வந்தது. பழையதன் ரப்பர் பட்டை விரிசல் விட்டிருந்தது, பழைய ட்யூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி மாட்டினேன். இந்த முறை பேட்டரி மூடியின் விளிம்பில் மெல்லிசாக வாசலினும் தடவிவிட்டேன். சுற்றளவு 2105, காற்று 100, இரண்டு திருகு. 32-இல் நிறுத்தி எண்ணினேன், பதினோரு விநாடி.