பைஅக்ரம்: பெரிய பேய்சியன் வலைகளில் வேகம் எப்படி?

பேய்சியன் வலை என்பது மாறிகளைக் கணுக்களாகவும், ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருப்பதை அம்புகளாகவும் காட்டும் நிகழ்தகவு மாதிரி. அதில் கணக்கிடும் நூலகமான பைஅக்ரம் பற்றி, "எத்தனை கணு தாங்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கணுக்களை எண்ணி ஒன்றும் சொல்ல முடியாது. சோதனைக்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் முனின் வலையில் 1,041 கணுக்கள், பார்லியில் 48. ஆனால் ஒவ்வொரு கணுவுக்கும் உள்ள நிகழ்தகவு அட்டவணைகளுக்குத் தேவையான நிகழ்தகவு எண்கள் முனினில் 80,592, பார்லியில் 1,14,005. கணக்கிடுவதற்காக வலையின் மாறிகளைக் குழுக்களாக்கி ஒரு மரமாகக் கட்டுவார்கள்; அதுதான் ஜங்ஷன் ட்ரீ, ஒவ்வொரு குழுவும் ஒரு கிளிக். நேரத்தையும் மெமரியையும் தின்பது அதில் வரும் மிகப்பெரிய கிளிக். ஐந்து நிலைகள் உள்ள 12 மாறிகள் ஒரே கிளிக்கில் விழுந்தால் 24 கோடி எண்கள், ஏறக்குறைய 2 ஜிபி. இன்னொரு மாறி சேர்ந்தால் 10 ஜிபி.

பைஅக்ரம் பாரிஸின் எல்ஐபி6 ஆய்வகத்தில் உருவான இலவச நூலகம். உள்ளே சி++, மேலே பைத்தான். ஓட்டும் முன்பே கிளிக்குகளைப் பார்க்க இதில் ஜங்ஷன் ட்ரீ ஜெனரேட்டர் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு கிளிக்கிலும் நிலைகளின் எண்ணிக்கையைப் பெருக்கிப் பாருங்கள். அதைச் செய்யாமல் ஓட்டிவிட்டு, மெமரி போதவில்லை என்று நூலகத்தைத் திட்டுவது அநியாயம்.

இதன் பலமே லேசி புரோபகேஷன் என்ற கணக்கீட்டு முறைதான். அட்டவணைகளை முன்கூட்டியே பெருக்கி வைக்காமல், தேவை வரும்போது மட்டும் பெருக்கும். விடைக்குச் சம்பந்தமில்லாத கணுக்களைக் கழித்துவிடும். ஆனால் எந்தக் கணுவின் விடை வேண்டும் என்று டார்கெட் குறித்தால்தான் முழு லாபம். குறிக்காவிட்டால் எல்லாவற்றையும் கணக்கிடும். ஆயிரம் நோயாளிகளின் தரவை ஓட்டும்போது ஆளுக்கொரு புது எஞ்சின் (விடை கணக்கிடும் பகுதி) வேண்டாம். அதே கணுக்களில் சான்றின் (நமக்குத் தெரிந்த தகவலின்) மதிப்பை மட்டும் மாற்றினால் ட்ரீ அப்படியே இருக்கும். புதுக் கணுவுக்குச் சான்று சேர்த்தால் மறுபடி கட்ட நேரும்.

இதே வேலைக்கான இன்னொரு நூலகம் பிஜிஎம்பை, முழுக்கப் பைத்தான். நிரலைப் படித்துக் கற்க அருமை. அதன் வேரியபிள் எலிமினேஷன் முறையோ ஒவ்வொரு கேள்விக்கும் தேவையில்லாத மாறிகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கும். தொடர் வேலைக்கு நான் எடுக்க மாட்டேன்.

எந்த நூலகமும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. இருநிலைக் கணு ஒன்றுக்கு 20 இருநிலைப் பெற்றோர் (அதை நோக்கி அம்பு வரும் கணுக்கள்) வைத்தால் அதன் அட்டவணையே 20 லட்சம் எண்களைத் தாண்டும். உறவு 'அல்லது' வகையானால் (பெற்றோரில் ஏதேனும் ஒன்று நடந்தாலே போதும் என்றால்), இடைக்கணுக்கள் வைத்துப் பெற்றோரைச் சிறு குழுக்களாகப் பிரியுங்கள்.

அதுவும் போதாதபோது, கணுக்கள் தமக்குள் திரும்பத் திரும்பத் தகவல் பரிமாறித் தோராய விடை தரும் லூப்பி பிலீஃப் புரோபகேஷன். வேகம் பிரமாதம், ஆனால் விடை குவிந்தாலும் அது சரியானது என்று அர்த்தமில்லை. வலையின் சிறு பகுதியை எடுத்து லேசி விடையோடு ஒப்பிட்ட பிறகே நம்புங்கள். 0, 1 நிகழ்தகவுகள் நிறைந்த மரபணு வலைகளில், மாதிரிகளை எடுத்துத் தோராயமாகக் கணிக்கும் கிப்ஸ் சாம்ப்ளிங் ஒரே மூலையில் சிக்கிக்கொள்ளும்; அங்கே அதைத் தொடவே வேண்டாம்.