வேடந்தாங்கல்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான், அதனால் இந்த ஜனவரியில் இரண்டு தடவை போய்விட்டேன். முதலில் ஒரு ஞாயிறு, அப்புறம் ஒரு புதன். இரண்டு நாளும் பார்த்தது ஒரே ஏரிதான் என்று நம்ப முடியவில்லை.

புதன்கிழமை மூன்றரை மணிக்குக் கரைமேல் நடக்க ஆரம்பித்தேன். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் இலையை விடப் பறவைதான் அதிகம். ஒரு மரத்தின் முன்னாலேயே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டேன். உச்சியில் கூழைக்கடாக் குஞ்சு தாயின் அலகுக்குள் கழுத்துவரை தலையை விட்டு மீன் எடுக்கிறது, கீழ்க்கிளையில் நத்தைக்குத்தி நாரை ஒவ்வொரு சுள்ளியாகக் கொண்டுவந்து கூட்டில் செருகுகிறது, அதற்கும் கீழே நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைக்கின்றன. ஒரு மரத்துக்குள் அடுக்குமாடிக் குடித்தனம். எச்ச வாடை பலமாகத்தான் அடிக்கும், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

அந்த எச்சம்தான் இந்த ஊரின் கதையே. அது கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் போகிறது, உரம் மாதிரி வேலை செய்கிறது. அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் எழுத்தாகவே பாதுகாப்பு வாங்கினார்கள். இன்றும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தது பெருமைதான், ஆனால் அதற்கு 200 வருடம் முன்பிருந்தே காவல் காத்தது அந்த ஊர்.

அந்த ஊருக்கு வந்துதான் ஞாயிற்றுக்கிழமை ஒரு கும்பல் ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு வைத்தது. பறவை பறந்தால்தான் போட்டோ நன்றாக வரும் என்று ஒருவர் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். சொன்னேன், கேட்கவில்லை. சின்னப் பையன் ஒருவன் மட்டும் "அங்கிள், குஞ்சு இருக்கு, தட்டாதீங்க" என்றான், அதற்கு அவர் நிறுத்தினார். வாடகைக்குத்தான் என்றாலும் குழந்தைகள் கையில் ஒரு பைனாகுலர் கொடுத்துவிடுங்கள். கூட்டுக்குள் குஞ்சைப் பார்த்த பிள்ளை கத்துவதில்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சமயம், வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடம் என்றால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நடுமதியம் வேண்டாம். சிவப்பு, மஞ்சள் சட்டையும் வேண்டாம். சாப்பாட்டைக் காரிலேயே முடித்துவிடுங்கள், கரையோரம் சிப்ஸ் கவர் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நேரம் இருந்தால் பக்கத்திலேயே கரிக்கிலி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, கூட்டம் ரொம்பக் குறைவு.

எப்படிப் போனாலும் ஐந்து மணிக்கு முன்னால் திரும்பிவிடாதீர்கள். இரை தேடிப் போன நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் அப்போதுதான் வரிசை வரிசையாகத் திரும்பும். புதன்கிழமை கரையில் நாங்கள் பத்துப் பேர்தான் இருந்திருப்போம், யாரும் பேசவில்லை, தலைக்கு மேல் இறக்கைச் சத்தமே தெளிவாகக் கேட்டது.